பள்ளிக்கு எத்தனை அறைகள் தேவை?

புதிய பள்ளிக் கட்டடம் திட்டமிடும்போது, இன்றைய மாணவர் எண்ணிக்கையை ஓர் அறையின் கொள்ளளவால் வகுத்து, வரும் விடையையே அறைகளின் எண்ணிக்கையாகக் கொள்வது பொதுவான வழக்கம். பல பத்தாண்டுகள் நிற்க வேண்டிய கட்டடத்துக்கு இக்கணக்கு போதாது.

முதலில் வருங்காலச் சேர்க்கையை மதிப்பிட வேண்டும். சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் 50 பேர் இருந்து, இவ்வாண்டு நான்காம் வகுப்பில் 54 பேர் இருந்தால் விகிதம் 1.08. ஒவ்வொரு வகுப்புக்கும் இவ்விகிதத்தின் சில ஆண்டுச் சராசரியை, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளமான எமிஸ் பதிவுகளிலிருந்து கண்டு, இப்போதைய எண்ணிக்கையோடு அடுத்தடுத்துப் பெருக்கினால் வரும் ஆண்டுகளின் மதிப்பீடு கிடைக்கும். பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பங்கள் வந்து குடியேறும் திருப்பூரில் விகிதம் ஒன்றைத் தாண்டலாம். ஆட்கள் வெளியேறும் ஊர்களில் ஒன்றுக்குக் கீழே இறங்கும். எனவே ஓர் ஊரின் விகிதத்தை மற்றோர் ஊருக்குப் பொருத்தக் கூடாது. ஆர்டர் குறைந்தால் குடும்பங்கள் சொந்த ஊர் திரும்புவதும் உண்டு என்பதால், சராசரியோடு உச்ச எண்ணிக்கையையும் தாழ்ந்த எண்ணிக்கையையும் பார்ப்பது அவசியம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 61 முதல் 90 மாணவர்களுக்கு மூன்று ஆசிரியர்கள், ஆசிரியருக்கு ஒன்றாகக் குறைந்தது மூன்று அறைகள். ஐந்து வகுப்புகள் மூன்று அறைகளில் நெருக்கிக்கொண்டு படிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் வகுப்புக்கு ஓர் அறை வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அறையின் பரப்புக்கு, மாணவருக்கு ஒரு சதுர மீட்டர் என்னும் சி.பி.எஸ்.இ. விதியை அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஆய்வகத்தின் கணக்கு வேறு. அங்கே தலைகளைவிடப் பாடவேளைகளை எண்ண வேண்டும். மேல்நிலையில் ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் வாரம் நான்கு செய்முறை வேளைகள் என்றால் மொத்தம் 24. வாரத்தின் 40 வேளைகளில், கருவிகளை ஒழுங்குபடுத்தும் நேரம் போக 32 வேளைகளே பயன்படும் என்று வைத்துக்கொண்டாலும் ஓர் ஆய்வகம் போதும். ஆனால் ஒவ்வொரு பிரிவையும் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்முறை நடத்தினால் தேவை 48 வேளைகளாகி, இரண்டு ஆய்வகங்கள் வேண்டும். ஆகவே கால அட்டவணை முடிவாகும் முன் வரைபடம் போடுவது வீண்.

இவ்வாறு சேர்ந்த பரப்போடு நடைவழி, படிக்கட்டு, கழிப்பறை, சத்துணவுக் கூடம், சுவர்கள் ஆகியவற்றுக்கும் இடம் சேர்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சாரலைத் தடுக்கும் அகலமான தாழ்வாரமும் இக்கணக்கில் அடங்கும். விகிதம் ஒன்றுக்கு மேல் நிற்கும் ஊரில், மேல்தளத்தைப் பிறகு எழுப்பினாலும், அதன் சுமையைத் தாங்கும் அஸ்திவாரத்தையும் கூடுதல் மாணவர்களுக்கு ஏற்ற படிக்கட்டு அகலத்தையும் முதல் கட்டத்திலேயே அமைத்துவிட வேண்டும்.