பதிமூன்று வயதில் எதற்கு அந்த ஊசி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பக்கத்து வீட்டு அக்கா பள்ளியில் கொடுத்த ஒரு பாரத்தோடு வந்தார். மகள் படிவம் 1 படிக்கிறாள். பள்ளியில் மிஸி (தாதி) வந்து கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போடுவாராம், பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். பாரத்தின் மலாய் அவருக்குப் புரிந்துவிட்டது. சந்தேகம் வேறு. "கர்ப்பப்பை புற்றுநோய் நாப்பது, அம்பது வயசுல வர்றது. இந்தப் பிள்ளைக்கு இப்பவே எதுக்கு தம்பி?"

நியாயமான கேள்வி. நோய் நாற்பதில் தெரிந்தாலும் வித்து விழுவது இளம் வயதில்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ் என்று காட்டியதற்காக ஜெர்மானியரான ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. 16, 18 என்ற இரண்டு மட்டுமே சுமார் 70 விழுக்காடு நோய்க்குக் காரணம். உடலுறவில் தொற்றும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடும். தங்கினால், செல் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் புரதங்களை முடக்கிவிடும். புற்றாக மாற 15, 20 ஆண்டுகள்கூட ஆகும்.

ஊசி மருந்தில் வைரஸ் கிடையாது. தோட்டத்தில் ரப்பர் கொட்டையைக் குடைந்து வெறும் ஓட்டை வைத்து விளையாடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வைரஸின் மேலோட்டுப் புரதத்தை மட்டும் ஈஸ்ட் போன்ற செல்களில் தயாரிக்கிறார்கள். அதில் 360 துண்டுகள் தாமாகவே கோத்துக்கொண்டு உருண்டையாகின்றன. உள்ளே மரபணு இல்லாததால் அது நோய் தராது. ஆனால் ஒரே புரதம் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் நோய் எதிர்ப்பு செல்கள் சும்மா இருக்காது, எதிர்ப்புப் புரதங்களைக் கொட்டித் தீர்க்கும். வைரஸ் வரும் நாளில் அவை அதன்மேல் ஒட்டி, செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கும். நுழைந்துவிட்ட வைரஸை அவற்றால் வெளியேற்ற முடியாது. அதனால்தான் தொற்றுக்கு வாய்ப்பே இல்லாத வயதில் போடுகிறார்கள். இன்னொன்று, 9 முதல் 14 வயது உடம்பு பெரியவர்களைவிடப் பலமாகப் பதில் தரும்.

ஒழுக்கத்தோடு இதை முடிச்சுப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி-யும் உடலுறவில் பரவக்கூடியதுதான். அந்த ஊசியைப் பிறந்த குழந்தைக்கே போடுகிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

மலேசியா 2010-இல் பள்ளி மாணவிகளுக்கு மூன்று ஊசியாகத் தொடங்கி, 2015-இல் இரண்டாக்கியது. ஒன்றே போதுமா என்ற கேள்விக்கு விடை வந்தது ஒரு தடங்கலால். இந்தியாவில் இரண்டு ஊசியா மூன்றா என்று பார்க்க ஓர் ஆய்வு நடந்தது. திண்டுக்கல் பக்கத்து அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். 2010-இல் ஊசி போடுவதை அரசு நிறுத்தச் சொன்னதால் 4,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். பத்தாண்டு தொடர்ந்து பார்த்தால், நீடித்த தொற்றிலிருந்து அவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பாதுகாப்பு! கென்யாவில் நடந்த ஆய்வும் இதையே சொன்னது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒற்றை ஊசியை ஏற்றது. இந்தப் புற்றுநோயால் இறப்பவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாட்டுப் பெண்கள். அங்கே முதல் ஊசியைவிட, அதே பிள்ளையை மறுபடி தேடிப் பிடித்து இரண்டாவது போடுவதுதான் பெரும்பாடு.

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, "அப்ப எனக்கு?" என்றார். அவர் வயதுக்கு ஊசியைவிடக் கருப்பை வாய்ச் சோதனைதான் முக்கியம். அரசு கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள் என்றேன்.