காலிச் சிப்பி ஓட்டைக் கடலில் வீசாதீர்கள்

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள ஜோகூர் நீரிணையில், கூடைகளைத் தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கும் ஒரு கெலோங்கில் (கடல்மேல் அமைத்த பண்ணையில்) வேலை பார்க்கும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் போன மாதம் பதறிப்போய் போன் செய்தார். "அண்ணே, சிப்பிக்கு நோய் வந்திருச்சு, கூடைக்குப் பத்துப் பன்னிரண்டு செத்துக் கிடக்கு." சரி, காலி ஓடு ஒன்றைக்கூடக் கடலில் போடாதீர்கள், வந்து பார்க்கிறேன் என்றேன்.

சிப்பி செத்தால் நோய்தான் என்றில்லை, கடல் நத்தைகளும் அதைத் தின்னும். எது தின்றது என்று ஓடே சொல்லிவிடும். மியூரெக்ஸ் குடும்பத்து நத்தை என்றால் சின்னதாக, வட்டமாக ஒரு துளை இருக்கும். பாதத்தில் உள்ள உறுப்பால் அமிலம் சுரந்து சிப்பியின் ஓட்டை இளக்கும், அரம் போன்ற நாக்கால் சுரண்டும், மறுபடி அமிலம், மறுபடி சுரண்டல், தடித்த ஓடாக இருந்தால் இப்படியே நாள்கணக்கில் போகும். துளை இல்லையே, அப்போது நோய்தானே என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சைமேட்டியம் வகை நத்தை துளைப்பதில்லை, தும்பிக்கை மாதிரி நீளும் வாயை இரண்டு ஓட்டுக்கும் நடுவே நுழைத்துச் சதையைத் தின்றுவிடும். தூத்துக்குடியில் முத்துச்சிப்பி வளர்த்தவர்களை மிகவும் படுத்தியது இதுதான்.

தம்பியின் கூடைகளில் துளை இல்லை. ஓடுகளுக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "கூடை தரையையே தொடலையே, எப்படிண்ணே ஏறுச்சு?" என்றார். ஏறவில்லை. இதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து வந்து, வலைக்கண் வழியாக உள்ளே போய், அங்கேயே தின்று பெரிதாகிறது. அதனால் கூடையைத் தூக்கி, கொட்டி, கையால் பொறுக்குவதைத் தவிர்க்கவே முடியாது, வாரம் ஒரு முறையாவது செய்யுங்கள். நல்ல தண்ணீரில் முக்கினால் சிப்பி வாயை இறுக மூடிக்கொள்ளும், நத்தை பிடியை விடும். முதலில் ஒரு கூடையில் மட்டும் செய்து பாருங்கள், சோர்ந்த சிப்பி தாங்காது.

மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். நத்தையும் சிப்பியும் ஒரே மெல்லுடலி இனம், ஒன்றைக் கொல்வது இன்னொன்றையும் தாக்கும். பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் படகில் கடலுயிர்கள் ஒட்டாமலிருக்கப் பெயின்டில் சேர்த்த டிரைபியூட்டைல்டின் என்ற நச்சு, சிப்பி ஓடுகளையே கோணலாக்கி, 1982-இல் அங்கே தடைபோடும் நிலை வந்தது.

அப்புறம், கூடையின் உள்பக்கம் நெல்மணிகளை நட்டது போல நத்தையின் முட்டை உறைகள் தெரிந்தால் சுரண்டி எடுங்கள். அதையும் பொறுக்கிய நத்தையையும் வாளியில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பக்கத்து கெலோங்கிலும் சிப்பிதான் தொங்குகிறது.