முடிதுறப்பு

பட்டத்தில் இருக்கும் அரசர் அதைத் தாமே அறிவித்துக் கைவிடுவது முடிதுறப்பு. ஆங்கிலத்தில் அப்டிகேஷன். லத்தீன் மூலம் 'அப்திகாரே': 'அப்' என்பது விலக்கத்தையும், 'திகாரே' என்பது அறிவித்தலையும் குறிக்கும். ரோமில் அதிகாரி பொறுப்பிலிருந்து இறங்குவதற்கும், தந்தை மகனைத் தன் மகனில்லை என்று தள்ளிவைப்பதற்கும் இதே சொல்தான்.

இச்சொல்லை எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதற்குப் பிரான்சின் பத்தாம் சார்லஸைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1757இல் வெர்சாயில் பிறந்தவர். பதினாறாம் லூயியின் தம்பி. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789இலேயே நாட்டைவிட்டு வெளியேறி நெடுங்காலம் அயல்நாடுகளில் கழித்தார். 1824இல், 66ஆம் வயதில் அரசரானார். மறு ஆண்டு ரேம்ஸ் பேராலயத்தில் பழைய முறைப்படி முடிசூட்டிக்கொண்டார். 1830 ஜூலை 25 அன்று சேன் க்ளூ மாளிகையில் அவர் கையெழுத்திட்ட ஆணைகள் பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்தின. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையை, அது கூடும் முன்பே கலைத்தன. வாக்குரிமையைப் பெரும் நிலவுடைமையாளர்களுக்குச் சாதகமாகச் சுருக்கின. 27 முதல் 29 வரை மூன்றே நாள் தெருப்போர்; பாரிஸ் அவர் கையைவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 2 அன்று ராம்பூயே கோட்டையில் அவர் எழுதியது சட்ட ஆவணமாக அல்ல, அரச குடும்பத்தின் கிளைவழியினரான ஆர்லியான் கோமகனுக்கு உறவுமுறை சொல்லி எழுதிய கடிதமாக இருந்தது. அதில் இரு வினைகள் வருகின்றன. பேரனுக்காகத் தாம் மணிமுடியை 'அப்திகே' செய்வதாகச் சொல்லும் சார்லஸ், பட்டத்து இளவரசரான மகன் தம் உரிமைகளை 'ரெனோன்ஸ்' செய்வதாகக் குறிக்கிறார். முன்னது முடிதுறப்பு, பின்னது உரிமைதுறப்பு. முடியே சூடாதவர் முடிதுறக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக எழுதுவதால்தான் அந்த மகன் 20 நிமிடம் பத்தொன்பதாம் லூயியாக ஆண்டார் என்ற கதை இன்னும் உலவுகிறது.

பேரனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. துறப்பை அவைக்குத் தெரிவித்த கோமகன் பேரனை அரசராக அறிவிக்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று அவரே லூயி பிலிப் என்ற பெயரில் அரசரானார். ஒரு வாரத்தில் சார்லஸ் ஷெர்பூர் துறைமுகத்தில் கப்பலேறினார். 1836இல், அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த கோரிட்சியாவில் காலராவால் இறந்தார்.

தமிழில் 'ராஜினாமா', 'பதவி விலகல்' இரண்டுமே இங்கே பொருந்தா. ராஜினாமாவை ஏற்க மேலே ஒருவர் வேண்டும். முடியரசருக்கு மேலே யாருமில்லை. 'முடிசூட்டு' என்பதன் எதிர்ச்சொல்லாக 'முடிதுறப்பு' இயல்பாக அமைகிறது, சேர்த்தே எழுதுக. பதினாறாம் லூயி 'முடிதுறந்தார்' என்று எழுதுவது பிழை. 1792 ஆகஸ்ட் 10 அன்று அவரை இடைநீக்கியது சட்டமன்றம். செப்டம்பர் 21 அன்று முடியாட்சியையே ஒழித்தது தேசியப் பேரவை. அவருக்கு 'அரியணை நீக்கம்' என்பதே சரி. 1848இல் பேரனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட லூயி பிலிப்புக்கோ 'முடிதுறப்பு' தாராளமாகப் பொருந்தும்.