சுட்ட வாத்தும் கண்ணாடித் தோலும்

அலுவல் நிமித்தம் பெய்ஜிங் சென்றிருந்த வாசகர் ஒருவரை, அங்குள்ள நிறுவனத்தார் பெரிய வாத்து உணவகம் ஒன்றுக்கு விருந்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். வெள்ளைத் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த சமையல்காரர் முழு வாத்தைத் தள்ளுவண்டியில் மேசையருகே கொண்டுவந்து, முதலில் நெஞ்சுப் பகுதியின் தோலை மட்டும் சீவித் தட்டில் அடுக்கினாராம். ‘சர்க்கரையில் தொட்டு உடனே சாப்பிடுங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்’ என்று விருந்து கொடுத்தவர் அவசரப்படுத்தினாராம். “வாயில் போட்டதும் நொறுங்கிக் கரைந்துபோனது. மிச்சத்தைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு இரவு அறையில் பிரித்தால், பல்லால் இழுத்தாலும் கிழியாத சவ்வு. ஒரே வாத்து, ஒரே தோல். ஏதாவது கெமிக்கல் தெளிக்கிறார்களா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

கெமிக்கல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சீன உணவைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் கெமிக்கல் என்றால், அது பெரும்பாலும் அஜினோமோட்டோதான். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் அது. தக்காளியிலும் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்தில், அது உடம்புக்கு ஆகாது என்று கிளம்பிய பீதி, எந்தத் தட்டில் குளுட்டமேட் இருக்கிறது என்று உண்பவருக்கும் தெரியாமல் பரிமாறுபவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் சீராக உறுதிப்படவே இல்லை. லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் படித்த கூட்டம்தான் இந்தப் பேய்க்கு மட்டும் இன்னும் பயப்படுகிறது. எப்படியானாலும், தோல் நொறுங்குவதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வாத்தின் தோல்மேல் பூசப்படுவது மால்டோஸ் பாகு. அதைத் தவிர்த்தால், சமையலறையில் நடப்பதில் பெரும்பகுதி தண்ணீரை விரட்டும் வேலைதான்.

வாத்து நீர்ப்பறவை. குளிர்ந்த நீரில் மிதக்கும்போது உடற்சூடு வெளியேறிவிடாமல் இருக்கத் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் ஒன்று வைத்திருக்கிறது. கோழியிடம் அது இவ்வளவு தடிமன் இல்லை. பெய்ஜிங் வெள்ளை வாத்து இனத்தில் படலம் இன்னும் கனம். கடைசி வாரங்களில் தொண்டைக்குள் குழாய் விட்டுத் தீவனத்தைத் திணித்துக் கொழுக்கவைப்பது அங்குள்ள மரபு. எனக்கு அது ஒப்பவில்லை. தோல் நன்றாக வருகிறது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. சமையல்காரரின் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. கொழுப்பு உருகி வழிந்தோட வேண்டும், தோல் வற்றிக் காய வேண்டும், அதற்கு ஒட்டினாற்போல் அடியிலிருக்கும் சதை மட்டும் காயக் கூடாது.

அதற்கான ஏற்பாடு இரண்டு நாள் வரை நீளும். கழுத்தில் சிறு வெட்டு போட்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றை அடிக்கிறார்கள். வாத்து உப்பிக்கொள்கிறது, தோல் கொழுப்பிலிருந்து பிரிகிறது. சிறகுக்கடியில் ஒரு துளை வழியாகக் குடலை எடுத்துவிட்டு, உடல் ஒட்டிப்போகாமலிருக்க உள்ளே ஒரு துண்டுச் சோளத்தட்டையை முட்டுக்கொடுக்கிறார்கள். கொக்கியில் தொங்கவிட்டுக் கொதிநீரை ஊற்றுகிறார்கள். தோலிலுள்ள கொலாஜன் புரதம் 60, 65 டிகிரி வாக்கில் சுருங்கத் தொடங்கும். அதனால் தோல் சட்டென்று விறைத்து வழவழப்பாகிறது. பிறகு நீர்த்த மால்டோஸ் பாகைப் பூசி, காற்றோட்டத்தில் ஒரு நாள்போலத் தொங்கவிடுகிறார்கள். அடுப்பில் ஏற்றும் முன் வயிற்றுக்குள் கொதிநீர் ஊற்றித் துளையை அடைக்கிறார்கள். வெளியே சுடப்படும்போது உள்ளே வேகும்; சதை நீராவியில் பதமாகத் தங்கும்.

அடுப்பில் இரண்டு மரபுகள் உண்டு. 1416-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் பியன்யீஃபாங் உணவகத்தினுடையது மூடிய அடுப்பு. சோளத்தட்டையை எரித்துச் சுவர்களைப் பழுக்கக் காய்ச்சி, தீயை அணைத்து, வாத்துகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள், இடையில் திறப்பதில்லை. 1864-இல் யாங் ச்சுவான்ரென் தொடங்கிய ச்சுவான்ஜூதேயினுடையது கதவே இல்லாத திறந்த அடுப்பு. இலந்தை, பேரி போன்ற பழமர விறகு வாயருகே எரியும். நீண்ட கழியோடு நிற்கும் ஆள் ஒவ்வொரு வாத்தாகத் திருப்பி, நிறம் பிடிக்காத தொடையிடுக்கை மட்டும் தீக்கு நேரே ஆட்டிக் காட்டி, மறுபடி கொக்கியில் மாட்டுவார். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இந்த இரண்டு முறைகளையும் 2008-இல் சீன அரசு தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு நாள் முழுக்க ஏன் காயவைக்க வேண்டும்? உள்ளுறை வெப்பம் பள்ளிப் பாடம்தான். ஒரு கிராம் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 335 ஜூல் போதும். அதையே ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். தோலில் ஈரம் இருக்கும்வரை அடுப்பின் சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். தோல் 100 டிகிரியைத் தாண்டாது. சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து செம்பழுப்பு நிறமும் மணமும் தரும் மெய்லார்ட் வினை சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். ஈர வாத்தை அடுப்பில் ஏற்றினால் தோல் சிவப்பதற்குள் சதை வரண்டுவிடும்.

இனி மால்டோஸ். சர்க்கரை வேண்டுமென்றால் சாதாரணச் சீனியைக் கரைத்துப் பூசலாமே, தேன் பூசலாமே என்று தோன்றும். மெய்லார்ட் வினைக்கு ஒடுக்கும் சர்க்கரை தேவை. வினைபுரிய ஒரு முனை சும்மா இருக்க வேண்டும். சீனி என்கிற சுக்ரோஸில் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று பூட்டிக் கிடக்கின்றன, அது உடைந்தால்தான் வேலை நடக்கும். தேனிலுள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அந்தப் பரீட்சையில் தேறிவிடும், அடுத்ததில் தோற்றுவிடும். முளைவிட்ட தானியத்தின் நொதியைக் கொண்டு மாவுச்சத்தை உடைத்து எடுக்கும் மால்டோஸ் இரண்டிலும் தேறும். அந்த இரண்டாவது பரீட்சைதான் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆசை மூட்டியது.

திண்மம், நீர்மம், வாயு என்று படித்தோம். கண்ணாடி அந்த மூன்று பெட்டிகளில் எதிலும் ஒழுங்காக அடங்காது. படிகத்தில் மூலக்கூறுகள் வரிசைகட்டி நிற்கும்; கண்ணாடியில் அவை நீர்மத்தில் இருப்பதுபோலத் தாறுமாறாகவே கிடக்கின்றன, ஆனால் அசைய முடியாமல் அந்தத் தாறுமாறிலேயே சிக்கி நிற்கின்றன. அதனால் கண்ணாடி வளையாது, உடையும். சூடேற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மூலக்கூறுகளுக்கு நெளிய இடம் கிடைக்கிறது. பொருள் ரப்பர்போல, பிறகு பாகுபோல ஆகிறது. அந்த எல்லைக்குக் கண்ணாடி மாறுநிலை வெப்பநிலை என்று பெயர். ஜன்னல் கண்ணாடிக்கு அது சில நூறு டிகிரி. ஆனால் சர்க்கரைக்கும் அது உண்டு, மாவுச்சத்துக்கும் உண்டு, புரதத்துக்கும் உண்டு.

ஈரமற்ற ஃபிரக்டோஸுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 5 டிகிரி, குளுக்கோஸுக்கு 31, மால்டோஸுக்கு 87. தேன் பூசிய தோல் அறை வெப்பத்தில் எல்லைக்கு மேலே நிற்கிறது, பிசுபிசுக்கும். மால்டோஸ் பூசிய தோல் எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. விறைத்த கண்ணாடிப் பூச்சாக நொறுங்கும். இந்த எண்களை யாரும் அளப்பதற்கு வெகுகாலம் முன்பே பெய்ஜிங் சமையல்காரர்கள் சரியான பாகைப் பிடித்துவிட்டார்கள்.

பூச்சுக்கு அடியில் தோலே இருக்கிறது. மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கொலாஜன் சூட்டில் பிரிந்து ஜெலட்டின் ஆகிறது. காய்ந்த ஜெலட்டினின் எல்லை 100 டிகிரிக்கும் மேலே. தண்ணீருக்கும் ஓர் எல்லை இருக்கிறது: சுமார் மைனஸ் 137 டிகிரி! இரண்டும் கலந்தால், கலவையின் எல்லை இரண்டுக்கும் நடுவே எங்கோ விழும். தண்ணீர் மூலக்கூறு சிறியது. புரத இழைகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை நெளியவிடும். ஆகவே நூற்றுக்குச் சில பங்கு ஈரம் ஏறினாலே எல்லை பல பத்து டிகிரி சரியும். அறை வெப்பநிலைக்குக் கீழே அது சரிந்த நிமிடம் தோல் ரப்பர். வாசகர் இரவில் மென்றது கெட்டுப்போன தோல் அன்று; எல்லையைக் கடந்துவிட்ட தோல்.

அப்பளம் பொரிக்கிறவர்களுக்கு இந்த எல்லையின் இரண்டு பக்கமும் பழக்கம்தான். எண்ணெயிலிருந்து எடுத்த நொடியில் அப்பளத்தை மடக்கலாம், உடையாது. சூடு தணிந்ததும் விறைக்கும். ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும். வாத்துத் தோலும் அடுப்பிலிருந்து இறக்கியவுடன் முழு விறைப்பில் இருப்பதில்லை. வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, கத்தியைத் தீட்டி, வாத்தைச் சுற்றிக் காட்டும் அந்தச் சில நிமிடங்களை விருந்தினர்கள் வெறும் சடங்கு என்று நினைப்பார்கள். அதற்குள் மேற்பரப்பு எல்லைக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது. அதே சமயம் இன்னொன்றும் தொடங்கிவிடுகிறது: ஈரம் நிறைந்த சதையிலிருந்து வறண்ட தோலுக்குத் தண்ணீர் மெல்ல ஏறுகிறது. முதலாவது தோலைக் கண்ணாடியாக்கும், இரண்டாவது அதைக் கலைக்கும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சொற்ப நேரத்தில்தான் தோலை முதலில் சீவி, சதையிலிருந்து பிரித்து, தனித்தட்டில் வைக்கிறார்கள். சர்க்கரை அதற்குப் பொருத்தமான துணை. உலர்ந்த படிகம், ஈரம் கொடுக்காது. இனிப்புக் கோதுமை விழுதும் வெங்காயத்தாளும் வெள்ளரியும் ஈரமானவை. அவற்றைச் சதையோடு சேர்ந்த துண்டுகளுக்கு வைத்துக்கொண்டு, மெல்லிய ரொட்டியில் சுருட்டிச் சாப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சுருளைவிடச் சர்க்கரையில் தொட்ட வெறுந்தோல்தான் சாப்பாட்டின் உச்சம்.

பெய்ஜிங்கின் பழைய உணவுப் பிரியர்கள் குளிர்காலம், வசந்தம், இலையுதிர்காலம் ஆகியவற்றையே வாத்துக்கு ஏற்ற பருவம் என்பார்கள். கோடையில் அங்கு காற்றில் ஈரம் மிகுதி; தொங்கவிட்ட வாத்து காயாமல் கசகசக்கும், தோல் சவசவக்கும். குளிரூட்டிய உலர் அறைகள் வந்த பிறகு பருவம் பார்க்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

பொட்டலத்துக்கு நேர்ந்ததும் இதுதான். சூடான சதை விட்ட ஆவி மூடிக்குள் படிந்து, சொட்டி, தோலில் ஊறியிருக்கும். மைக்ரோவேவில் வைத்திருந்தால் இன்னும் மோசம். அது சதையிலுள்ள தண்ணீரைச் சூடாக்கி ஆவியைத் தோலுக்கு அனுப்பும். சுற்றியுள்ள காற்று குளிர்ந்தே இருப்பதால் தோல் உலராது. தோலை மட்டும் தனியே உரித்து, கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி காய்ந்த வாணலியில் போட்டுச் சிறு தீயில் வைத்திருந்தால், ஈரம் போய்ப் பெருமளவு மீண்டிருக்கும்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பரில் விரிசல் ஓடுவதற்குள் இழுபட்டுச் சக்தி கரைந்துபோகும். கண்ணாடியில் விரிசல் மிக வேகமாக ஓடி, சேர்ந்திருந்த சக்தியின் ஒரு பகுதியை ஒலியாக விடுகிறது. ஆவி கிளப்பிய நுண்குமிழிகள் தோலுக்குள் இருப்பதால், ஒரு கடியில் அடுக்கடுக்காகப் பல உடைப்புகள். 2004-இல் மாசிமிலியானோ சம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பிரிங்கிள்ஸ் சிப்ஸை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கடிக்கும் ஒலியை மைக்கில் பிடித்து, அதன் உயர் அதிர்வெண் பகுதியைக் கூட்டி, கடிப்பவர் காதிலேயே ஒலிக்கவிட்டார்கள். சிப்ஸ் அதேதான், சத்தம் கூடியபோது மொறுமொறுப்பும் கூடியதாக மதிப்பெண் போட்டார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2008-இல் இதற்குக் கிடைத்தது. கேலியாகச் சிரித்தவர்களும் உண்டு.

நான் சிரிக்க மாட்டேன். கண்ணாடி நிலையைப் பற்றிய புரிதலை 1980-களில் உணவுக்குள் கொண்டுவந்த லூயிஸ் ஸ்லேடும் ஹாரி லெவினும் வேலை பார்த்தது உணவு நிறுவனங்களின் ஆய்வகங்களில். பிஸ்கட் நமுத்துப்போனால் யாருக்கு நட்டமோ அவர்கள் பணம் போட்டார்கள். நம்மிடம் 1950-இலிருந்து மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நல்ல வேலைகளும் செய்திருக்கிறது. ஆனால் சமையல் இயற்பியலை ஆராய்கிறேன் என்று ஒரு முதுகலை மாணவர் சொன்னால், மனையியல்தானே என்று உதட்டைப் பிதுக்கும் பேராசிரியர்களும் நம்மிடம்தான் இருக்கிறார்கள். அப்பளத்திலும் முறுக்கிலும் உள்ள இயற்பியலுக்கு நிதி கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் வரை, பொரித்த தீனிப் பொட்டலத்தில் நைட்ரஜன் அடைக்கும் உத்தியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்போம்.

விருந்தின் கடைசியில் வாசகருக்கு ஒரு கிண்ணம் வெண்மையான சூப்பு வந்திருக்கும். சீவி முடித்த எலும்புக்கூட்டை முட்டைக்கோஸோடு கொதிக்கவைத்தது. பால் எதுவும் சேர்ப்பதில்லை. தோலில் தண்ணீரே ஆகாது என்று துரத்திய அதே கொலாஜன், எலும்பையும் மூட்டையும் ஒட்டியிருப்பது, இங்கே தாராளமாகத் தண்ணீரில் கரைகிறது. தளதளவென்ற கொதி கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறடிக்க, ஜெலட்டின் அத்துளிகளைச் சூழ்ந்து மீண்டும் ஒன்றுசேரவிடாமல் தடுக்கிறது. துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் சூப்பு வெளுத்துத் தெரிகிறது. தெளிந்த நீர்போல வந்திருந்தால், அன்று சமையலறையில் தீயைக் குறைத்து வைத்துவிட்டார்கள்.