3டி ரெடி, சுவரை எப்போ இடிக்கலாம்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் போனை நீட்டுவார்கள். திரையில் வெள்ளை சோபா, தொங்கும் விளக்கு, ஹாலும் சமையலறையும் ஒன்றாகத் திறந்த பெரிய இடம். நடுவில் இருந்த சுவரைக் காணோம். எங்கே போனது என்றால், "டிசைனர் எடுத்துட்டார் சார், சாஃப்ட்வேர்லயே பண்ணிட்டார்."

சாஃப்ட்வேரில் சுவரை எடுக்க அதன்மேல் ஒரு தட்டு, அடுத்து டெலீட். அவ்வளவுதான். ஸ்கெட்ச்அப், ஸ்வீட் ஹோம் 3டி, பிளானர் 5டி, சீஃப் ஆர்க்கிடெக்ட் எதுவாக இருந்தாலும் மேலே கூரை அப்படியே அந்தரத்தில் நிற்கும். ஒரு எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் அந்தக் கூரைக்கு எடை கிடையாது. அந்த மென்பொருட்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பாரம் கணக்கிடுவது அவற்றின் வேலையே இல்லை. அதற்கு ஸ்டாட், ஈடேப்ஸ் என்று வேறு மென்பொருட்கள் இருக்கின்றன, அவற்றைப் படித்த ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் "கம்ப்யூட்டர்ல நின்னுச்சே, நிஜத்துல நிக்காதா?" என்று கேட்பவருக்கு ஒரு தடவை கணக்குப் போட்டே காட்டிவிடுவது நல்லது.

80களிலோ 90களிலோ கட்டிய ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். தூண் இல்லை, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் தாங்குகிறது. 14 அடி நீளச் சுவர், அதன் இரண்டு பக்கமும் 10 அடி அகலத்தில் ஓர் அறை. மேலே 5 அங்குல கான்கிரீட் ஸ்லாப், அதன்மேல் வெயில், மழை தாங்கச் செங்கல் ஜல்லி போட்ட வெதரிங் கோர்ஸ். இரண்டும் சேர்த்துச் சதுர அடிக்குச் சுமார் 45 கிலோ வரும். இரு பக்கத்திலிருந்தும் அந்தச் சுவருக்கு வந்து சேரும் பரப்பு ஏறக்குறைய 90 சதுர அடி. ஆக 4 டன். மாடியில் நடப்பவர்களை இதில் சேர்க்கவில்லை. 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் இருந்தால் இன்னொரு டன்.

எடையை விடுங்கள், கம்பியைப் பாருங்கள். ஸ்லாப் போடும்போது அறையின் நடுவில் கம்பி அடிப்புறம் இருக்கும். சுவருக்குப் பக்கத்தில் வரும்போது ஒன்று விட்டு ஒன்று கம்பியை வளைத்து மேலே ஏற்றியிருப்பார்கள். சுவர் தாங்கும் இடத்தில் ஸ்லாபின் மேல்புறம்தான் இழுபடும், அதனால் அங்கே கம்பி மேலே வேண்டும். இப்போது சுவரை எடுத்தால் அதே இடம் புதிய ஹாலின் நடுப்பகுதியாகிவிடுகிறது. இழுபடுவது இனி அடிப்புறம், கம்பியில் பாதியோ மேலே கிடக்கிறது. அன்றைக்கே இடிந்து விழ வேண்டும் என்றில்லை. முதலில் பூச்சில் தலைமுடி அளவு விரிசல், பிறகு மாடித் தரை டைல்ஸ் தூக்கிக்கொள்ளும், மழைக்காலத்தில் ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும். இதற்குப் பிறகுதான் நம்மைக் கூப்பிடுகிறார்கள், "சும்மா ஒரு பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சுடுங்க" என்று.

"4½ அங்குலச் சுவர்தானே, தாராளமா எடுக்கலாம்" என்பது இன்னொரு வேதவாக்கு. தூண், பீம் உள்ள வீட்டில் பெரும்பாலும் சரி. பழைய வீட்டில் அப்படி நம்ப முடியாது. ஸ்லாப் வருடக்கணக்கில் தொய்ந்து அந்த மெல்லிய சுவரின் தலையில் உட்கார்ந்திருக்கும், அல்லது அதன் நேர்மேலே மாடியில் இன்னொரு சுவரை எழுப்பியிருப்பார்கள். எனவே கடப்பாரையைத் தூக்குமுன் மாடிக்குப் போய் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூலைகளிலும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் பட்டைக்கு மேலேயும் ஒரு சதுர அடி பூச்சைக் கொத்தி, உள்ளே செங்கலா கான்கிரீட்டா என்று பாருங்கள். பழைய பிளான் பீரோவில் இருந்தால் எடுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும், வாட்ஸப்பில் போட்டோ பார்த்து "எடுக்கலாம்" என்று சொல்கிறவர் வேண்டாம். மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் இன்னும் கவனம், அங்கே மரக்கட்டையின் முனையே சுவருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஜாக்கி முட்டு கொடுத்து, இரும்பு பீம் ஏற்றி, அதன் முனைகளைக் கான்கிரீட் மெத்தையில் உட்கார வைத்து, பீமுக்கும் ஸ்லாபுக்கும் நடுவில் சுருங்காத கிரவுட் (சிமென்ட் கலவை) அடைத்து, அது இறுகிய பிறகுதான் முட்டுகளைப் பிரிக்க வேண்டும். அந்த பீம் சீலிங்குக்குக் கீழே எட்டு, பத்து அங்குலம் தொங்கும். 3டி படத்தில் தொங்கவில்லை, பார்த்தீர்களா? டிசைனரிடம் பீமோடு படத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பாதிப்பேர் அதைப் பார்த்ததும் சுவரே இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது அளவு. சைட்டில் பத்தடி ஆறங்குலத்தை 10.6 என்று எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். மேஸ்திரிக்குப் புரியும், சாஃப்ட்வேருக்குப் புரியாது. அடிக் கணக்கில் 10.6 என்று தட்டினால் அது 10 அடி 7.2 அங்குலம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று போட்டால் இன்னும் மோசம், 10 அடி 1.2 அங்குலம் ஆகிவிடும். ஏறக்குறைய 9 அங்குலம் மாயம்! ஒரு அலமாரியே காணாமல் போகிற அளவு. பேசாமல் டேப்பை மில்லிமீட்டரில் படித்து அப்படியே உள்ளே கொடுங்கள், பத்தடி ஆறங்குலம் 3200. புள்ளியே வராது, சண்டையும் வராது.

சுவர்த் தடிமனிலும் ஒரு பொறி உண்டு. அமெரிக்க மென்பொருட்களில் உள்சுவர் 4½ அங்குலம் என்று தானாகவே வரும். நம் 4½ அங்குலச் சுவரும் அதே எண்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே அது மரச்சட்டமும் இரண்டு பக்க ஜிப்சம் பலகையும் சேர்ந்த மொத்தத் தடிமன். இங்கே அது வெறும் செங்கல். இரண்டு பக்கமும் பூசினால் 5½. வரிசையாக நான்கு சுவர் வந்தால் 4 அங்குலம் போய்விடும், கடைசி அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஆள் திரும்ப முடியாது. மாடல் தொடங்கும்போதே தடிமனை மாற்றிவிட வேண்டும், பிறகு மாற்றினால் எல்லாம் நகரும்.

பாத்ரூம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பணம் அதிகம் போவது அங்கேதான்.

திரையில் கழிப்பறைக் கோப்பையை மவுஸால் இழுத்து எதிர்ச்சுவரில் வைத்துவிடலாம். நிஜத்தில் அதன் பின்னால் 110 மில்லிமீட்டர் குழாய் ஒன்று இருக்கிறது. புதிய இடம் குழாய்கள் இறங்கும் டக்டிலிருந்து 10 அடி என்று வையுங்கள். 40க்கு 1 வாட்டம் கொடுத்தால் 3 அங்குலம் இறக்கம். குழாயே ஏறக்குறைய 4½ அங்குலம். அதன்மேல் காரை, டைல்ஸ் என்று 2 அங்குலம். மொத்தம் 9 அங்குலத்துக்கு மேல். ஸ்லாபைத் தாழ்வாகப் போட்டிருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் பாத்ரூம் தரையை 9 அங்குலம் உயர்த்த வேண்டும். வாசலில் ஒரு படி வரும், ஏழடிக் கதவுக்கு ஆறேகால் அடிதான் மிஞ்சும், உயர்த்த நிரப்பும் ஜல்லியின் எடை வேறு ஸ்லாபில் ஏறும். வயதான அம்மா அப்பா இருக்கும் வீட்டில் அந்தப் படியை யோசித்துப் பாருங்கள். கோப்பையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வாஷ்பேசினை நகர்த்துங்கள், அதன் குழாய் சிறியது, சுவரோடு போய்விடும்.

சுவரில் தொங்கும் கோப்பை, சுவருக்குள் மறைந்த ஃபிளஷ் டேங்க். படத்தில் அழகுதான். அந்த டேங்கையும் இரும்புச் சட்டத்தையும் 4½ அங்குலச் சுவரைக் குடைந்து உள்ளே வைக்க முடியாது. சுவருக்கு முன்னால் ஆறு முதல் எட்டு அங்குலத்துக்கு ஒரு திண்டு கட்ட வேண்டும். நாலடி அகல பாத்ரூமில் எட்டு அங்குலம் என்றால் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்கும். படம் போடும்போதே திண்டையும் போடச் சொல்லுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள், தயவுசெய்து. இதற்கு எந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை.

மாடுலர் கிச்சனை 3டி அளவை நம்பி முன்கூட்டியே ஆர்டர் செய்கிறவர்களைப் பார்த்தால் கோபமே வருகிறது. சுவருக்குச் சுவர் 3000 மில்லிமீட்டர் என்று மாடல் சொல்லும். டைல்ஸும் அதன் அடிக்காரையும் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் தின்னும், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அங்குலம். பெட்டி வந்து இறங்கும், உள்ளே போகாது. பிறகு 18 மில்லிமீட்டர் பிளையை சைட்டிலேயே அறுத்து, ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டை இல்லாத அந்த முனையில் சிங்க் தண்ணீர் இறங்கி, ஆறே மாதத்தில் உப்பும். டைல்ஸ் முடிந்த பிறகு அளவெடுங்கள். தரையில், மூன்றடியில், ஏழடியில் என மூன்று இடத்தில் எடுத்து, எது குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தூக்குக்குண்டு விட்டால் பழைய சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். மூலைக்கு மூலைமட்டம் போதாது. ஒரு சுவரில் 3 அடி, அடுத்ததில் 4 அடி குறித்துக் குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வராவிட்டால் அந்த மூலை 90 டிகிரி இல்லை. இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குலம் இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டைக்கு விட்டுவிட்டால் எந்தச் சுவரையும் சமாளிக்கலாம்.

அறை பெரிதாகத் தெரிகிறதே என்று மயங்க வேண்டாம், அது கேமரா வேலை. ஸ்கெட்ச்அப் திறந்ததும் பார்வைக் கோணம் 35 டிகிரி, உள் அறைப் படத்துக்கு அதை 60, 80 என்று விரித்துவிடுவார்கள். பத்தடி அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும். கண் உயரம் ஐந்தடி, கோணம் 60க்கு மேல் வேண்டாம், உங்கள் கட்டில் அளவையே போட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

இனி நம் தொழில்காரர்களுக்கு. சாஃப்ட்வேர் தரும் அளவுப் பட்டியலை அப்படியே விலைப்புள்ளியில் ஒட்டி அனுப்பும் தம்பிகளுக்குத்தான் சொல்கிறேன். இடித்த சுவருக்கு அது பூஜ்யம் காட்டும். மேலே சொன்ன 14 அடிச் சுவர் 10 அடி உயரம் என்றால் 105 கன அடி. இடித்துக் குவித்தால் ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய ஒன்றரை யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி) இடிபாடு. சித்தாள் கூலி, மாடிப்படி இறக்கம், வண்டி வாடகை, கொட்டும் இடம் எல்லாம் உங்கள் தலையில். அந்த இடிபாட்டை மாடி அறையில் இரண்டடி உயரத்துக்குக் குவித்து வைக்கிறீர்களே, வீட்டு ஸ்லாபில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு 200 கிலோ. உங்கள் குவியல் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அன்றன்றைக்கே இறக்குங்கள்.

டைல்ஸிலும் அதே கதை. அறைப் பரப்பை மட்டும் அது சொல்லும். வெட்டுச் சேதம், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங், பின்னாளில் உடைந்தால் மாற்ற ஒரு பெட்டி என்று பத்து சதவீதமாவது கூட்டுங்கள். ஷேடு எண் மாறினால் அதே டைல்ஸ் மறுபடி கிடைக்காது. பழைய தரைமேல் புதிதாக ஒட்டினால் தரை உயரும், எல்லாக் கதவையும் அடியில் சீவ வேண்டும், தச்சர் கூலியை எழுதுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியா உள்ளேயா என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள், கடைசி பில்லில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

3டி படத்தை ஒப்பந்தத்தோடு இணைத்தால் அதிலுள்ள தொங்கு விளக்கும் பூச்செடியும் உங்கள் வேலை ஆகிவிடும். "படத்துல இருந்துச்சே" என்பார்கள், அவர்கள் பக்கமும் நியாயம்தான். கையெழுத்து வாங்க வேண்டியது அளவு போட்ட பிளானிலும், வெட்டுத் தோற்றத்திலும், பொருள் பட்டியலிலும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்ணும் தேதியும் வேண்டும். சைட்டில் ஏ3 தாளில் கடைசித் திருத்தம் ஒன்று மட்டும் ஒட்டியிருக்கட்டும், பழையதைக் கிழித்துவிடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் 3 எல்லாம் 8 ஆகத் தெரியும். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

சுவரைப் பூசி மூடுமுன் ஒயர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் போகும் பாதையை டேப் விரித்து வைத்துப் போட்டோ எடுத்து, அறை வாரியாகப் பெயரிட்டு வீட்டுக்காரரிடம் கொடுங்கள். டிவி மாட்ட வருகிறவர் துளை போடும்போது அவர்கள் திறந்து பார்க்கப்போவது அந்தப் போட்டோவைத்தான்.