வெயிலில் இறுகிய கதிரையில் பெத்தாவை இருத்தாதீர்கள்

போன கிழமையும் ஒரு பிளாஸ்டிக் கதிரைக் கால் என் மேசைக்கு வந்தது. மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம் ஒரு வீட்டில், கிணற்றடியில் குளிக்க இருந்த பெத்தா கதிரையோடு சரிந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலைக் கொண்டுவந்த பேரன் சொன்னான்: “நல்ல கதிரை சேர். வெயில்ல கிடந்து நல்லா இறுகின கதிரை.”

இந்த ‘இறுகின கதிரை’ கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் இருக்கிறவன் என்பதால் தெரிந்தவர் வீடுகளில் உடைவதெல்லாம் என்னிடம்தான் வருகிறது. எந்தக் கம்பனி, என்ன விலை என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை வருஷம் வெளியில் கிடந்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

நம் வீடுகளிலுள்ள ஒரே வார்ப்பில் வரும் கதிரைகளில் பெரும்பாலானவை பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். நீண்ட காபன் சங்கிலிகள், அவற்றின் பக்கத்தில் சின்ன மெதைல் கூட்டங்கள் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்தவை). இந்தக் கூட்டங்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஒழுங்காக நின்றால் சங்கிலிகள் அடுக்கடுக்காக மடிந்து பளிங்கு என்ற ஒழுங்கான அடுக்காகும், 160 பாகை செல்சியஸ் அளவில்தான் உருகும். தாறுமாறாக நின்றால் கையில் ஒட்டும் பிசுபிசுப்பான பொருள்தான் மிஞ்சும். அந்த ஒழுங்கான வகையை 1954இல் ஆக்கிக் காட்டியவர் இத்தாலியரான ஜூலியோ நாட்டா. 1963இல் கார்ல் சீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நல்ல கதிரையிலும் ஏறத்தாழப் பாதிதான் பளிங்கு. மிச்சம் ஒழுங்கில்லாத, நெகிழ்ந்த பகுதி. ஒரு பளிங்கில் கிளம்பி, இந்த நெகிழ்ந்த பகுதியைக் கடந்து, அடுத்த பளிங்கில் போய்ச் செருகிக்கொள்ளும் சங்கிலிகள் இருக்கின்றன. மீன் வலையில் பளிங்குகளை முடிச்சு என்று வைத்துக்கொண்டால், முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவிலுள்ள நூல் இவைதான். கதிரைக்கு விறைப்பைத் தருவது முடிச்சு. ஆள் இருக்கும்போது உடையாமல் வளைந்து கொடுக்க வைப்பது நூல்.

வெயில் அறுப்பது இந்த நூலை. ஒட்சிசனால் பளிங்குக்குள் இலேசில் நுழைய முடியாது, நெகிழ்ந்த பகுதிக்குள் நுழையும். வெயிலிலுள்ள கழியூதாக் (UV) கதிரும் அந்த ஒட்சிசனும் சேர்ந்து அங்குள்ள சங்கிலிகளை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் சும்மா இருப்பதில்லை. கட்டு விட்டுப்போனதால் பக்கத்துப் பளிங்கில் போய் அடுக்கிக்கொள்ளும். ஆக, பழுதாகப் பழுதாகப் பளிங்கின் பங்கு கூடுகிறது! மேற்பரப்பு விறைத்துச் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விடுகின்றன. கையால் அமத்திப் பார்த்துவிட்டு நீங்கள் “இறுகிட்டு” என்கிறீர்களே, அது இதுதான்.

திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பவும் கேட்கப்போகிறீர்கள். வளைய மறுப்பது வேறு, உடைய மறுப்பது வேறு. புதுக் கதிரையின் கைப்பிடியை அமத்தினால் கொஞ்சம் வளைகிறது என்று கடையில் முகம் சுளிக்கிறீர்கள். அந்த வளைவுதான் உங்கள் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. வளையாத பழைய கதிரை பாரத்தை வாங்காது, மேற்பரப்பிலுள்ள ஒரு வெடிப்பிடம் கொடுத்துவிடும். அந்த வெடிப்பு ஒரே நொடியில் காலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். முன்கூட்டிச் சத்தம்கூட வராது. நல்ல பொலிபுரொப்பிலீன் துண்டை மடித்தால் மடிப்பு வெள்ளையாகும், ஆனால் விடாது. வெயில் தின்ற துண்டு பிஸ்கட் கணக்காய் முறியும்.

“தடிப்பான கால்தானே” என்பது அடுத்த வாதம். தடித்த இடம் அச்சுக்குள் மெதுவாக ஆறும். மெதுவாக ஆறினால் பளிங்குக் கொத்துகள் பெரிதாக வளரும், கொத்துகள் முட்டும் எல்லைகள் பலவீனமாகும். சோடியம் பென்சோயேற் என்ற உப்புப் போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்தால் கொத்துகள் சின்னதாய், நெருக்கமாய் வரும். இதைச் செய்தார்களா என்று கடையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குளிர் நாடுகளில் இந்தப் பிளாஸ்டிக் பூச்சியப் பாகைக்குக் கிட்டப் போனாலே நொறுங்கத் தொடங்கும். மட்டக்களப்பில் அந்தச் சாட்டு செல்லாது.

நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. உடைந்த துண்டைக் கிணற்றுத் தண்ணீரில் போடுங்கள். வாவித் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் சுத்தமான பொலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.9 அளவு, மிதக்கும். அமிழ்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கிறது. நிறையில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தாண்டினால்தான் அமிழும் என்பதால், மிதக்கிறதே என்று முழுசாக நம்பவும் வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. கதிரையைத் துடைத்தால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா? முடிந்தது, ஒதுக்குங்கள். பெயின்ற் அடித்தால் தூள் மறையும், அறுந்தது பொருந்தாது. கம்பியைச் சூடாக்கி வெடிப்பை ஒட்டுவதும் வீண் வேலை, நீங்கள் உருக்குவதே வெட்டுப்பட்ட சங்கிலிகளைத்தான். வெடித்த இரண்டு கதிரையை ஒன்றுக்குள் ஒன்று போட்டு ஆளை இருத்துவதைத் தயவுசெய்து விடுங்கள். முதலாவது போனால் இரண்டாவதும் சேர்ந்து போகும்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு: அடுக்கின் உச்சியில் இருக்கும் கதிரைதான் முழு வெயிலையும் குடிக்கிறது. ஒரு பழைய தறப்பாளால் மூடிவிட்டால் போதும், பெரிய செலவில்லை. மாமாங்கத் திருவிழாவுக்கு ஏற்றுவதற்கு முன்னர் உச்சிக் கதிரைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கிணற்றடிக்கு மட்டும் பிளாஸ்டிக் கதிரை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நாள் முழுக்க வெயில், ஈரச் சீமெந்தில் கால்கள் அகன்று வழுக்கும், இருப்பதோ எலும்பு தேய்ந்த வயதானவர். ஒரு மர வாங்கு செய்து கொடுங்கள், இல்லை கல்லால் ஒரு திண்ணை கட்டிவிடுங்கள்.

ஒதுக்கிய கதிரையை வளவில் எரிக்காதீர்கள். ஒழுங்கையில் முழுசாக வைக்கவும் வேண்டாம். இரண்டு காலை அறுத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆரோ ஒருவர் நல்லதென்று எடுத்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் போட்டுவிடுவார்.