வீரமரணம் அடைந்தவரின் குடும்பத்துக்கு மாதாமாதம் என்ன வரும்?

இந்திய ராணுவத்தில் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. சேருகிற ஒவ்வொருவரும் தாமாக விரும்பிப் போனவர்தான். அவர் தேசியக்கொடி போர்த்திய பெட்டியில் திரும்பி வரும் நாளில் ஊரே திரண்டு நிற்கிறது. கூட்டம் கலைந்த பிறகு அந்த வீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு வரும் என்பது, மரணத்துக்கு என்ன காரணம் என்று படைப்பிரிவு எழுதும் குறிப்பைப் பொறுத்தது. இதைக் குடும்பங்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கின்றன.

குடும்ப பென்ஷனில் மூன்று படிகள் இருக்கின்றன. ஒரு சிப்பாய் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் ராணுவப் பணி ஊதியமும் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மரணத்துக்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றால் சாதாரண குடும்ப பென்ஷன்: முதல் 10 ஆண்டுகளுக்கு 50 சதவீதம், அதாவது 20,000, அப்புறம் 30 சதவீதம், 12,000. பணியின்போது நேர்ந்த விபத்து, அல்லது பணிச்சூழலால் வந்த நோய் என்றால் சிறப்பு குடும்ப பென்ஷன், 60 சதவீதம், 24,000. போர், எல்லை மோதல், தீவிரவாதிகளுடன் சண்டை, கண்ணிவெடி அகற்றும் பணி போன்றவற்றில் இறந்திருந்தால் 'லிபரலைஸ்டு' குடும்ப பென்ஷன். அதில் 40,000 ரூபாயும் முழுதாக வரும். மூன்றுக்கும் அகவிலைப்படி தனி.

12,000 எங்கே, 40,000 எங்கே! அதனால்தான் அந்தக் குறிப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இறந்தவர் திருமணமாகாதவர் என்றால், லிபரலைஸ்டு பென்ஷனில் 75 சதவீதம் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து வரும். ஒருவர் மட்டும் இருந்தால் 60 சதவீதம். அவர்களுடைய வருமானத்தைக் கேட்பதில்லை. மனைவி மறுமணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துவது உண்டு. அது தவறு. பிள்ளைகளைத் தொடர்ந்து அவர் வளர்த்துவந்தால், லிபரலைஸ்டு பென்ஷன் குறையாமல் அவருக்கே வரும். வீரதீர விருதுக்கான மாதத் தொகையில் மட்டும், இறந்தவரின் சகோதரரை மணந்தால்தான் தொடரும் என்றொரு நிபந்தனை பல காலம் இருந்தது. 2017இல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

பென்ஷன் போக, மத்திய அரசின் கருணைத் தொகை ஒருமுறை கிடைக்கும். 1.1.2016 முதல் பணி விபத்துக்கு 25 லட்சம், எல்லை மோதலுக்கும் தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கைக்கும் 35 லட்சம், போரில் எதிரியின் தாக்குதலுக்கு 45 லட்சம். குறிப்பிட்ட மலைமுகட்டுக் காவல் நிலைகளில் பனிச்சரிவு போன்ற இயற்கைச் சீற்றத்தில் இறந்தாலும் 35 லட்சம் உண்டு. 2016 பிப்ரவரியில் சியாச்சினில், கிட்டத்தட்ட 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையில், மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்களைப் பனிச்சரிவு மூடியது. அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். குண்டு பாயவில்லை என்பதற்காக இப்படிப்பட்ட சாவைச் சாதாரண சாவு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

2022இல் தொடங்கிய அக்னிபத், நான்கு ஆண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் திட்டம். அதில் சேர்ந்த அக்னிவீரர்களுக்குக் கணக்கு வேறு. போர்க்களத்தில் இறக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத் தொகை, நான்கு ஆண்டில் மீதமிருக்கும் காலத்துக்கான சம்பளம் எல்லாம் கிடைக்கும். மாத பென்ஷன் மட்டும் கிடையாது. பக்கத்துப் பக்கத்தில் நின்று இறந்த இருவரில் ஒருவர் வீட்டுக்கு மட்டும் மாதாமாதம் பணம் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, குடும்பம் செய்ய வேண்டியது என்ன? பென்ஷன் ஆணை கைக்கு வந்ததும் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். படைப்பிரிவின் விசாரணை அறிக்கை, இறப்புக் காரணம் பற்றிய ஆவணம் இரண்டின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத உதவுவார்கள். பிள்ளைகளின் படிப்புச் சலுகைகளையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வகை தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் முடியாவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.